எடுத்துவிட்ட ஒரு பாரா

நியூயார்க் நகரத்தின் பழைய இண்டர்நெட் கம்பெனிகளில் ஒன்று பேனிக்ஸ். 1989-ல் ஆரம்பித்தது. 1996 செப்டம்பர் 6-ம் தேதி, வெள்ளிக்கிழமை, அங்கே முதலில் ஈமெயில் நின்றது. அடுத்து வெப்சைட்டுகள். அப்புறம் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைகிற கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன.

திருட்டா? இல்லை. வைரஸா? அதுவும் இல்லை. யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவுதான். சில சமயம் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல்!

கதவைத் தட்டினால் கம்ப்யூட்டர் எதற்குப் படுக்க வேண்டும்?

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன சம்பிரதாயம் உண்டு. 'பேசலாமா?' என்று ஒன்று கேட்கும். 'ஓ, பேசலாமே. நீங்க ரெடியா?' என்று மற்றது பதில் போடும். 'ரெடி' என்று முதலாவது சொன்னதும் இணைப்பு. அந்த 'ரெடி' வருகிற வரைக்கும், கேட்டவரின் விலாசத்தைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் மாதிரிதான். போனில் யாரோ டோக்கன் கேட்கிறார். நோட்டில் பெயர் ஏறுகிறது. ஆள் வரவில்லை. இன்னொரு போன், இன்னொரு பொய்ப் பெயர். அன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றின் நோட்டில் சில வரிகளுக்குத்தான் இடம். ஒரு பெயரை அடிப்பதற்கு 75 வினாடி வரை காத்திருப்பது வழக்கம். நோட்டு நிரம்பிவிட்டால், நிஜமான ஜுரத்தோடு வந்து நிற்பவருக்கும் 'டோக்கன் இல்லை'தான். உள்ளே டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பார்!

பேனிக்ஸில் நடந்தது இதுதான். வந்த விலாசங்கள் பொய் என்பதால் ஆளைத் தேடிப் பிடிப்பதும் லேசில்லை.

சரி, இந்த ஓட்டை அன்றைக்குத்தான் தெரியவந்ததா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. பில் செஸ்விக், ஸ்டீவன் பெலோவின் என்ற இரண்டு நிபுணர்கள் 1994-லேயே இதைக் கண்டுகொண்டார்கள். நெட்வொர்க்கின் வாசலைக் காப்பது எப்படி என்று இருவரும் சேர்ந்து புத்தகம் எழுதிய சமயம் அது. அதில் இதைப் பற்றி ஒரு பாரா சேர்த்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். மருந்து இல்லாத வியாதியை ஊருக்கெல்லாம் சொல்வானேன் என்று யாருக்கும் தோன்றுமே!

இரண்டு வருடம் ஓடியது. மருந்து வரவில்லை. 1996-ல் ஹேக்கர்கள் படிக்கிற இரண்டு பத்திரிகைகள் செய்முறையையே வெளியிட்டுவிட்டன. பேனிக்ஸ் விழுந்தது.

அப்புறம் நடந்த வேகத்தைப் பாருங்கள். செப்டம்பர் 19-ம் தேதி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு பொது எச்சரிக்கை விடுத்தது. அதே மாதம் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித நிபுணர் ஒரு யோசனை சொன்னார். நோட்டே வேண்டாம். டோக்கன் கேட்பவருக்கு ரகசிய முத்திரை போட்ட சீட்டைக் கொடு. சீட்டோடு திரும்பி வந்தால் முத்திரையைச் சரிபார்த்து உள்ளே விடு. பொய் விலாசத்துக்குப் போன சீட்டு திரும்பாது. கம்பவுண்டருக்கும் நஷ்டமில்லை! 'சின் குக்கீஸ்' என்று அதற்குப் பெயர். 1997-ல் லினக்ஸுக்கே வந்துவிட்டது.

இரண்டு வருடம் வராத மருந்து, ஆள் விழுந்ததும் சில வாரங்களில் வந்துவிட்டது. செய்முறையைக் கடைவிரித்தவர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நல்லவர்கள் மௌனமாக இருந்ததால் ஓட்டை அடைபடவில்லையே!

பிற்பாடு ஒரு நடுவழி பழக்கத்துக்கு வந்தது. ஓட்டையைப் பார்த்தவர் முதலில் சாஃப்ட்வேர் தயாரித்தவரிடம் சொல்வார். அடைக்க அவகாசம் தருவார். பிறகு ஊருக்குச் சொல்வார். 2014-ல் கூகுள் தொடங்கிய ஒரு குழு 90 நாள் கெடு வைத்தது.

2007-ல் இண்டர்நெட் பொறியாளர்கள் இந்தத் தாக்குதலைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். இரண்டு பேர் ஒரு பாரா எழுதி எடுத்துவிட்டதும், அதற்கப்புறம் இரண்டு வருடம் மருந்தில்லாமல் போனதும் அதில் வருத்தத்தோடு பதிவாகியிருக்கின்றன.