தேயிலைக் கொழுந்தும் காமா-டெல்டா கலங்களும்: அனுசேபத்தைப் படித்தறியும் நிர்ப்பீடனத்தின் வரலாறு

உணவை உடைத்து ஆற்றல் பெறுதல், அவ்வாற்றலைக் கொண்டு வேண்டிய பொருள்களை ஆக்கிக்கொள்ளுதல் ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய வேதிவினைகளின் தொகுதியே அனுசேபம் எனப்படும். நோயை எதிர்க்கும் ஆற்றலாகிய நிர்ப்பீடனம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதனின்று வேறான துறையாகவே பயிலப்பட்டது. குருதியிலுள்ள டி கலங்கள் நுண்ணங்கிகளின் புரதத் துணுக்குகளைக் கொண்டே பகையை இனங்காண்கின்றன என்பது அக்காலத்துப் பாடம். நுண்ணங்கியின் அனுசேபம் விட்டுச்செல்லும் சிறு மூலக்கூறுகளையும், உடலின் சொந்த அனுசேபத்தில் நேரும் பிறழ்வையும் சில கலங்கள் நேரே படித்தறிகின்றன என்ற உண்மை பின்னரே தெளிவாயிற்று. அத்தெளிவுக்கு வழிசெய்த ஆய்வுகளில் ஒன்று, இலங்கையின் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகப் பொல்பிட்டிய நோக்கி இறங்கும் மலைச்சரிவுகளில் நாள்தோறும் பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்தோடு தொடர்புடையது.

கொழுந்துக்குள் ஒரு மூலக்கூறு

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்ததும் மலையகத்தைத் தேயிலை நாடாக்கின. அச்செடியின் வேதியியலில் நிர்ப்பீடனத்துக்குப் பொருத்தமான பகுதி 1949இல் வெளிப்பட்டது. அவ்வாண்டில் ஜப்பானிய ஆய்வாளர் சகாட்டோ, நிழலில் வளர்க்கப்பட்ட பச்சைத் தேயிலையிலிருந்து தியனின் என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். குளுட்டாமிக் அமிலத்தையும் எதிலமீன் என்னும் சிறு சேர்மத்தையும் இணைத்து வேர் இதனை ஆக்குகிறது. இளங்கொழுந்துக்கு ஏறிய பின், வெயில் பட்டால் இது சிதைந்து, துவர்ப்புத் தரும் கற்றெச்சின்கள் உருவாக உதவுகிறது; நிழலில் சிதையாமல் தங்குகிறது. தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தும்போது கற்றெச்சின்களே பெரிதும் மாறுகின்றன; தியனினில் கணிசமான பகுதி தூளில் எஞ்சுகிறது. தேயிலையின் நொதித்தலை நடத்துவது இலையின் சொந்த நொதியங்களேயன்றி நுண்ணங்கிகள் அல்ல என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

மிச்சத்தைக் கொண்டு ஆளை அறியும் கலங்கள்

டி கலங்களின் பெரும்பான்மை, அல்பா, பீட்டா என்னும் இரு சங்கிலிகளாலான வாங்கியைத் தாங்குகிறது. காமா, டெல்டா சங்கிலிகளைத் தாங்கும் மற்றொரு வகை உண்டென மைக்கேல் பிரென்னர் முதலியோர் 1986இல் காட்டினர். நலமுள்ள வளர்ந்தோரின் குருதியில் டி கலங்களுள் பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதமே இவ்வகையின் முதன்மைப் பிரிவைச் சேர்ந்தவை எனினும், காசநோய், மலேரியா முதலிய தொற்றுகளின்போது அவை பன்மடங்கு பெருகுகின்றன. அவற்றைப் பெருக்குவது புரதமன்று என்பது 1990களில் புலனாயிற்று. ஐசோபென்ரனைல் பைரோபொஸ்பேற்று அவற்றைத் தூண்டுவதை 1995இல் டனாக்கா குழுவினர் நிறுவினர். இச்சேர்மம் கொலஸ்டரோலை ஆக்கும் மெவலோனேற்றுப் பாதையில் மனிதக் கலத்திலும் இடையில் தோன்றுவது.

பல பற்றீரியாக்களும் மலேரியாக் கிருமியும் இதே சேர்மத்தை மனிதரிடம் இல்லாத வேறொரு பாதையில் ஆக்குகின்றன. அப்பாதையில் மட்டும் தோன்றும் இடைப்பொருளொன்று, ஐசோபென்ரனைல் பைரோபொஸ்பேற்றைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு வலிமையுடன் காமா-டெல்டா கலங்களைத் தூண்டுவதை 2001இல் ஹின்ஸ், ஜொமா ஆகியோரின் குழு கண்டறிந்தது. ஒரே வாங்கி, அயலாரின் அடுப்பில் வெந்ததை நுனியளவிலேயே இனங்காண்கிறது. தன் வீட்டு அடுப்பில் வெந்தது அளவுமீறிக் குவிந்தால் மட்டும் விழித்துக்கொள்கிறது. இச்சேர்மங்கள் கலத்தின் உட்புறத்தில் பியூட்டிரோபிலின் என்னும் புரதத்தோடு பிணைந்து, கலத்தின் வெளிமுகத்தில் மாற்றத்தை உண்டாக்குகின்றன என்பது 2012க்குப் பின் வந்த ஆய்வுகளால் விளங்கிற்று.

தேநீர் நுழைந்த இடம்

1999இல் பொஸ்டனில் புகோவ்ஸ்கி, மொரிட்டா, பிரென்னர் ஆகியோர், பற்றீரியாக்கள் வெளிவிடும் எதிலமீன் போன்ற சேர்மங்களும் இதே கலங்களைத் தூண்டுகின்றன என்றும், தேநீரிலுள்ள தியனின் அவ்வெதிலமீனுக்கு முன்னோடி என்றும் வெளியிட்டனர். 2003இல் அதே ஆய்வாளர் வழிவந்த சோதனையில், சில வாரம் நாள்தோறும் தேநீர் அருந்திய சிறு குழுவினரின் குருதிக் கலங்கள் பற்றீரியாவை எதிர்கொண்டபோது இன்டர்பெரோன்-காமா என்னும் எச்சரிக்கைப் புரதத்தை முன்னிலும் மிகுதியாகச் சுரந்தன. கோப்பி அருந்தியோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. இதன் காரணம் 2006இல் தெளிந்தது. எதிலமீன் போன்றவை மெவலோனேற்றுப் பாதையின் அடுத்த படியிலுள்ள நொதியத்தைத் தடுப்பதால் ஐசோபென்ரனைல் பைரோபொஸ்பேற்றுக் கலத்துக்குள் தேங்குகிறது. எனவே காமா-டெல்டா கலம் உண்மையில் உணர்வது எதிலமீனையன்று, அதனால் உடலின் அனுசேபத்தில் நேர்ந்த தேக்கத்தையே.

கோப்பையும் தட்டும்

சிறு குழுவில் கண்ட இம்மாற்றத்தைக் கொண்டு தேநீர் தொற்றைத் தடுக்கும் மருந்தென முடிவுகட்டுவது பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் கலங்கள் விழிப்படைவது வேறு, தோட்டத்து லயத்தில் வாழும் ஒருவர் நோயின்றி இருப்பது வேறு. விழித்த டி கலம் பெருகுவதற்குக் குளுக்கோசை மிகுதியாக எரிக்கிறது; இரும்புச்சத்தும் அமினோ அமிலங்களும் அதற்கு வேண்டும். உடற்கொழுப்பு சுரக்கும் லெப்டின் பட்டினியில் குறைவதே டி கலங்கள் சோர்வதற்குக் காரணமாகலாம் என 1998இல் காட்டப்பட்டது. இத்தகைய ஊட்டக்குறை தோட்டங்களில் மிகுதி: இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டளவில் ஏறத்தாழ 17 சதவீதமாயிருக்க, தோட்டப் பகுதிகளில் அது 32 சதவீதமாயிருந்தது. தாவர உணவிலுள்ள இரும்பைத் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கும் வழக்கம் குருதிச்சோகையை மேலும் கூட்டக்கூடும்.

மேற்காட்டிய வரலாறு கற்பிப்பது, நிர்ப்பீடனம் அனுசேபத்தின் மேல் எழுந்த கட்டடம் என்பதாகும். உலகத்தின் கோப்பைக்குத் தியனினை அனுப்பும் கைகள் கொழுந்து பறித்தே அதனை அனுப்புகின்றன. அக்கைகளின் குருதியில் ஓடும் காமா-டெல்டா கலங்களுக்கு எச்சரிக்கையைக் கொழுந்து தரலாம். அவ்வெச்சரிக்கைக்கேற்பப் போராடும் வலிமையைத் தட்டில் விழும் பருப்பும் கீரையும் மீனுமே தரவல்லவை. ஆகவே தேயிலையின் மருத்துவப் பயனை ஆராயும் எந்த முயற்சியும், அதனைப் பறிப்போரின் உணவை ஆராயாதவரை நிறைவுபெறாது.