முகமதியர் என்னும் சொல்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஊர் ஓசூர். தொழுகைக்குச் செல்லும் ஒருவரைத் தமிழர் 'துலுக்கர்' என்றும், தெலுங்கர் 'துரக' என்றும், கன்னடியர் 'துருக' என்றும் குறிப்பது பழைய வழக்கு. அவரோ தம் வீட்டு உருதுவில் தம்மை 'முசல்மான்' என்று சொல்லிக் கொள்வார். முதல் மூன்றும் துருக்கர் என்னும் இனப்பெயரின் திரிபுகளே. படையோடு தென்னாடு வந்தவர்களின் பெயர், துருக்கி நாட்டைக் கனவிலும் காணாத வணிகருக்கும் உழவருக்கும் ஒட்டிக்கொண்டது.

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால், திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு மாறியது. ஆங்கிலேயர் தம் ஏடுகளில் எழுதிய 'மகமதன்' என்ற பெயரும் ஆட்சியோடு சேர்ந்து வந்தது. அதனைத் தமிழாக்கியதே 'முகமதியர்'. சில இடங்களில் 'மகமதியர்'. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் காலத்துப் பத்திரிகைத் தமிழில் இச்சொல் வேரூன்றிற்று. பாரதியாரின் உரைநடையிலும் இதனைக் காணலாம். இவர்களெல்லாம் பகைமையால் அவ்வாறு எழுதினார்கள் என்று கொள்வது நியாயமன்று. ஸர் ஸையத் அஹ்மத் கான் அவர்களே 1875-இல் அலிகரில் தாம் நிறுவிய கல்விச்சாலைக்கு முகமதியப் பெயரைத்தானே சூட்டினார்!

ஆயினும் சொல் பிழையானதே. கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் என்பதைப் போல, முஹம்மதை வணங்குவோர் முகமதியர் என்ற கருத்தை அது தருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனின் தூதர்; வணக்கத்திற்குரியவர் அல்லர். 'முஸ்லிம்' என்பதோ 'அஸ்லம' என்ற அரபு வினையிலிருந்து பிறந்த வினையாலணையும் பெயர். இறைவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர் என்பது பொருள். திருக்குர்ஆன் 22-ஆம் அத்தியாயத்தின் 78-ஆம் வசனத்தில் இப்பெயரே இடம்பெறுகிறது. (இதில் 'லி' குறில். 'முஸ்லீம்' என்று நீட்டி அச்சிடுவது அரபுக்கு ஒவ்வாது. நம்மவர் சுவரொட்டிகளிலும் அந்த நெடில் போகக் காணோம்.)

சுதேசமித்திரன் பிறந்த அதே 1882-இல் இலங்கையில் சித்தி லெவ்வை அவர்கள் தொடங்கிய தமிழ் இதழின் பெயர் 'முஸ்லிம் நேசன்'. ஒரே ஆண்டு, ஒரே மொழி. பெயரை வெளியிலிருந்து பார்த்தவர் ஒருவிதமாகவும், உள்ளிருந்து பார்த்தவர் வேறுவிதமாகவும் எழுதினர். பின்னர் பா. தாவூத்ஷா அவர்கள் 1919-இல் 'தத்துவ இஸ்லாம்' என்று தொடங்கி, 1923-இல் 'தாருல் இஸ்லாம்' எனப் பெயர் மாற்றிய இதழும் மார்க்கத்தின் பெயரையே தலைப்பில் தாங்கியது. பாரதியாரும் 1920-இல் பொட்டல்புதூரில் பேசியது 'இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை' பற்றி.

அரசாங்கம் மெல்லத்தான் நகர்ந்தது. 1913, 1923-ஆம் ஆண்டு வக்பு சட்டங்களின் தலைப்பில் 'முசல்மான்' நின்றது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும் 1939-ஆம் ஆண்டுத் திருமண ரத்துச் சட்டமும் 'முஸ்லிம்' என்றன. தேர்தல் ஏற்பாட்டிலோ பழைய பெயர் போகவில்லை. 1946-இல் கட்சியின் பெயர் முஸ்லிம் லீக். அது போட்டியிட்ட இடமோ சட்டப்படி 'முகமதியத் தொகுதி'. வாக்களித்தவர் தம் கட்சியை ஒரு பெயராலும், தம் தொகுதியை மற்றொரு பெயராலும் அறிய வேண்டியிருந்தது.

இன்று தமிழ் நாளேடுகளில் 'முகமதியர்' அருகிவிட்டது. தனித்தமிழ் ஏடுகள் 'முசுலிம்' என்கின்றன. பொது ஏடுகளும் மேடைகளும் மரியாதை கருதி 'இஸ்லாமியர்' என்கின்றன. நூலுக்கும் கட்டடக் கலைக்கும் இஸ்லாமிய என்ற அடை பொருந்தும். ஆளுக்கு முஸ்லிம் என்பதே நேர். எனினும் அன்போடு சொல்லப்படும் சொல்லை ஆசிரியத் தோரணையில் திருத்த எனக்கு மனம் வருவதில்லை. பழைய சொல் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. 1891-இல் தோன்றிய கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகத்தார் அப்பெயரைப் பெருமையோடு சுமக்கின்றனர். பார்சி அறிஞர் தீன்ஷா முல்லா எழுதிய சட்டநூலின் அட்டையிலும் 'மகமதன் லா' என்றே இருக்கிறது. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.