மன்னார்த் தீவில் ஒரு திரையும் பல வயர்களும்

வீட்டுக் கணினியின் படத்தைப் பெரிய தொலைக்காட்சித் திரையில் காட்டுவது இன்று ஒற்றை எச்.டி.எம்.ஐ. வயரில் முடிந்துவிடும் வேலையாயினும், மன்னார்த் தீவைப் பொறுத்தவரை அந்த வயருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு முன்கதை உண்டு. ஏனெனில் இங்கே தொலைக்காட்சிப் பெட்டி, கொழும்பு நிலையங்கள் அனுப்பியதை வாங்கிக் காட்டும் கருவியாக மட்டும் எக்காலத்திலும் இருந்ததில்லை. திரைக்கு வேண்டியதை வீட்டாரே தேடி, தம் செலவில், தம் கூரைக்கும் சுவருக்கும் ஊடாகக் கொண்டுவந்து சேர்க்கும் வழக்கம் கணினிக்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியிருந்தது.

1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியப் பெட்டிகள் தாராளமாக இறக்குமதியாயின. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. இந்தியாவைப் போலவே இலங்கையும் 'பால்' எனப்படும் வண்ண ஒளிபரப்பு முறையையே, அதாவது ஒரு படத்தை 625 கிடைக்கோடுகளாகப் பிரித்து நொடிக்கு 25 படங்கள் அனுப்பும் ஐரோப்பிய முறையையே தேர்ந்திருந்தது. ஒலிக்கும் ஒளிக்கும் இடையிலான அலைவரிசை இடைவெளிகூட இரு நாட்டிலும் ஒன்றாகவே, 5.5 மெகாஹேர்ட்சாக இருந்தமையால், கொழும்பில் வாங்கிய பெட்டி எந்த மாற்றமும் இன்றி இந்தியாவின் தூர்தர்சனைக் காட்டியது. பாக்குநீரிணைக்குக் குறுக்கே படம் வருவதற்கு வேண்டியிருந்தது உயரம் ஒன்று மட்டுமே.

அந்த உயரத்தைத் தந்தது அன்ரனாக் கம்பம். யாகி என்ற ஜப்பானியப் பேராசிரியரின் பெயரால் வழங்கும் அதன் உச்சி அன்ரனா, ஒரு நீண்ட அலுமினியக் குழாயில் மீன்முள்போலக் குறுக்குக் கம்பிகள் பூட்டப்பட்டது. எத்திசையை நோக்கித் திருப்பப்படுகிறதோ அத்திசையின் அலையை மட்டும் கூர்மையாக வாங்குவது. ஒருவர் முற்றத்தில் கம்பத்தைப் பிடித்து அங்குலம் அங்குலமாகத் திருப்ப, உள்ளே திரையின் முன் இருப்பவர் 'இன்னும் கொஞ்சம், நில், போயிட்டுது' என்று குரல் கொடுப்பதே அக்காலத்தின் சீராக்கல் முறை. தூர்தர்சன் ஒளிபரப்பி நின்ற கொடைக்கானல் மலையிலிருந்து தீவின் தலைமன்னார் வரை ஏறத்தாழ 275 கிலோமீற்றர். நேர்கோட்டுப் பார்வைக்கு அது எட்டாத தூரம். ஆயினும் குளிர்ந்த ஈரக் கடற்காற்றின்மேல் நிலத்திலிருந்து வீசும் வெப்ப வறள்காற்று படியும் நாள்களில் வானொலி அலை வளைந்து கடற்பரப்போடு ஒட்டி ஓடுவதால், சில மாலைகளில் படம் தெளிவாக வந்து, மறுநாளே புள்ளிமழையில் கரைந்துபோயிற்று. 1990களில் இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்ததும் இந்த நிச்சயமின்மை பெரும்பாலும் நீங்கியது. அவ்வளவு உயரத்திலிருந்து கடல்மட்டத்தில் அலை நேராக எட்டும் எல்லை சுமார் 74 கிலோமீற்றர் எனக் கணக்கிடலாம். மன்னார் நகரம் அந்த எல்லையின் ஓரத்திலேயே அமைந்திருக்கிறது, பேசாலையும் தலைமன்னாரும் வெகு உள்ளே. எதிர்த்திசையிலும் இதுவே நடந்தது. தமிழகத்தின் தென்கரை ஊர்களில் எண்பதுகளில் பலர் இலங்கையை நோக்கிக் கம்பம் திருப்பி ரூபவாஹினி பார்த்தனர்.

ஒளிபரப்பை நம்பாத இரண்டாவது வழி 'டெக்', அதாவது வீடியோ நாடாவை ஓட்டும் கருவி. வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்தோர் கொண்டுவந்த டெக்கும், வாடகைக்குக் கிடைத்த டெக்கும், மின்சாரம் இல்லாத இடத்தில் அதனோடு சேர்த்து எடுக்கப்பட்ட ஜெனரேற்றரும், ஒரே இரவில் மூன்று படம் பார்க்கும் வழக்கத்தை வடக்கெங்கும் உண்டாக்கின. டெக் தன் படத்தை, வெற்றாக இருக்கும் ஓர் அலைவரிசையில் ஏற்றி, பெட்டியின் அன்ரனாத் துளைவழியே செலுத்திற்று; பெட்டியோ அதனை இன்னொரு நிலையம் என்றே எண்ணிக்கொண்டது. அதே 1982இல் வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 ஆகிய வீட்டுக் கணினிகளும் இதே தந்திரத்தையே கையாண்டன. ஆகவே கணினியைத் தொலைக்காட்சியோடு பொருத்தும் நுட்பத்தை மன்னார் வீடுகள், கணினியே இல்லாமல், டெக்கின் வாயிலாகக் கற்றுக்கொண்டன எனலாம்.

இவ்வளர்ச்சியைப் போர் அறுத்தது. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் சேவை நின்றது; 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் பெரும்பகுதி தேசிய மின்வழங்கலை இழந்தது; அவ்வாண்டு ஒக்டோபரில் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டே கடல்வழியாகப் புத்தளம் சென்றனர். மின்சாரமற்ற அக்காலத்தில் எஞ்சியிருந்தது, 12 வோல்ற் கார் பற்றறியில் ஓடும் சிறிய கறுப்பு-வெள்ளைப் பெட்டி.

2009இல் போர் முடிந்து, 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் வந்த காலத்தில், தட்டைத் திரையும் மடிக்கணினியும் கடைக்கு ஒருசேர வந்தன. 1987இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. இணைப்பு, மூன்று வரிசையில் 15 ஊசி கொண்டது. படத்தை மட்டுமே சுமப்பதால் ஒலிக்கு வேறு வயர் தேவைப்பட்டது. ஹிட்டாச்சி, சோனி, தொஷிபா முதலிய ஏழு நிறுவனங்கள் 2002 டிசெம்பரில் வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. இரண்டையும் இலக்க வடிவில் ஒன்றாகச் சுமக்கிறது. செருகியதுமே திரை தன் அளவுகளைக் கணினிக்கு அறிவித்துவிடும். அப்படியிருந்தும் கணினித் திரையின் அடிப்பட்டி தொலைக்காட்சியின் விளிம்புக்கு அப்பால் மறைந்துவிடுவது பலருக்கும் தெரிந்த தொல்லை. பழைய குழாய்ப் பெட்டிகள் விளிம்புக் கோணல்களை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெருக்கிக் காட்டின. குழாய் போனபின்னும் அந்தப் பழக்கத்தைப் புதிய திரைகள் விடவில்லை, ஆகவே பட அளவுத் தெரிவில் அதனை நிறுத்தவேண்டும். மலிவான 32 அங்குலத் திரைகளில் உண்மையான புள்ளிகள் பெரும்பாலும் 1366க்கு 768 மட்டுமே என்பதால், கணினி அனுப்பும் 1920க்கு 1080 படத்தின் எழுத்துகள் மங்குவதும் வயரின் குற்றமன்று. தீவுக்கே உரிய கேடு உப்புக்காற்று. அது அலுமினியக் கம்பியை அரித்ததுபோலவே, பொன்முலாம் தேய்ந்த இணைப்பூசிகளிலும் களிம்பேற்றுகிறது.

கடல்தாண்டிய பழைய வழியோ அடைபட்டுவருகிறது. இலக்கமுறைக்கு இலங்கை 2014இல் ஜப்பானிய முறையையும் இந்தியா ஐரோப்பிய முறையையும் தேர்ந்தமையால் பொதுமொழி முறிந்தது. தூர்தர்சனும் தன் பழைய ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. கம்பம் நின்ற இடத்தில் செய்மதித் தட்டும், தட்டுக்குப் பக்கத்தில் கணினி வயரும் வந்துசேர்ந்தன.

2022இன் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, மடிக்கணினி தன் பற்றறியில் சில மணிநேரம் ஓடியது. அதனோடு பூட்டிய பெரிய திரை உடனே அணைந்தது. தீவின் தென்கரையில் மொத்தம் 103.5 மெகாவாற் திறனுள்ள 30 தம்பபவனிக் காற்றாலைகள் இருந்தபோதும், அவற்றின் மின்சாரம் நடுக்குடா உபமின்நிலையம் வழியாகத் தேசிய வலையமைப்புக்கே சென்றுகொண்டிருந்தது.