யாருக்காக எழுதிய சட்டம், யார்மேல் பாய்ந்தது?

2017 ஏப்ரலில் காங்கேசன்துறைக் கடலில் ஒரு படகைக் கடற்படை பிடித்தது. அதில் இருந்தவர்கள் ரோகிங்கியா அகதிகள். செப்டெம்பர் 26ஆம் திகதி, கல்கிசையில் ஐ.நா.வின் பொறுப்பில் இருந்த வீடொன்றில் 31 பேர் தங்கியிருந்தபோது, பிக்குகள் தலைமையில் ஒரு கூட்டம் அந்த வீட்டுக்குள் புகுந்தது. "இவங்கள் பயங்கரவாதிகள்" என்ற கூச்சல் முகநூலிலும் ஓடியது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். பிறகு பிக்கு ஒருவர் உட்படச் சிலர் கைதானார்கள். ஆனால் பாதுகாப்புக்கென்று பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டது அந்த அகதிச் சனம்தான். பூசா என்றால் என்னவென்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்ப சட்டமே இல்லையோ? இருந்தது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வன்முறையையோ பாகுபாட்டையோ தூண்டும் இன, மத வெறுப்பைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை சிறை. மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் இந்த நாட்டுப் பிரஜையா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அகதிக்கும் அது பொருந்தும்.

நடந்ததோ வேறு. 2019 ஏப்ரலில் முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார இதே சட்டத்தில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்குக் கருத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியதற்காகப் பிடிபட்டார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அதன் மையம் "பொய்யான கூற்று". எது பொய் என்று பார்க்கும் ஆணைக்குழுவின் ஐந்து பேரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. "அகதி என்றால் பயங்கரவாதி" என்ற பதிவை அரசாங்கத்துக்குப் பிடிக்காத பதிவைப் போலவே வேகமாக அகற்றுவார்களா? எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

காரணம் எளிது. நடைமுறையில் யாராவது முறைப்பாடு செய்தால்தான் வெறுப்புச் சட்டம் பெரும்பாலும் இயங்கும். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் இங்கே வரும் அகதி முதலில் சட்டவிரோதக் குடியேறி. அவர் எந்தத் துணிவில் பொலிசுக்குப் போவார்? வெறுப்புச் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் அகதிக்குச் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியர்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. கரையில் நின்ற சனம் சாப்பாடும் தண்ணியும் கொண்டு ஓடினது. அதே கிழமை எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு வந்தது: "எங்களுக்கே இல்லை, இவங்களுக்கு ஏன்?" குழுவில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். படகேறிப் போன சொந்தக்காரர் இல்லாத வீடு எங்களில் யாருக்கும் இல்லை. ஆனாலும் ஒருவரும் மறுத்து எழுதவில்லை. அதற்குச் சட்டம் ஒன்றும் தடையாக இருக்கவில்லை.