பட்டியலில் ஏறாத ஐந்து இசைத்தட்டுகள்

பிரிட்டனில் 1983-இல் 'நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' என்று ஒரு ஹிட் பாடல் தொகுப்பு வந்தது. அப்புறம் இந்த மாதிரி தொகுப்புகளே அடிக்கடி முதலிடத்தைப் பிடிக்க, 1989-இல் அவற்றுக்கென்று தனிப் பட்டியலே போட்டுவிட்டார்கள்.

எனக்கோ தொகுப்பு என்றால் சித்தூர் வீட்டில் இருந்த 'பாலாஜி பஞ்சரத்னமாலா'தான். எம்.எஸ். பாடிய ஐந்து எல்.பி. தட்டுகள். அன்னமாச்சார்யா கீர்த்தனைகள், ஸ்தோத்திரங்கள்.

அதன் கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1963-இல் வெளியான சுப்ரபாதத்தின் ராயல்டியைத் தேவஸ்தான வேதபாடசாலைக்கே கொடுத்தவர் எம்.எஸ். கச்சேரிப் பணமும் தர்மத்துக்கே போனது. 1970-களின் கடைசியில் வீட்டில் பணக் கஷ்டம். சும்மா கொடுத்தால் வாங்குவார்களா? தேவஸ்தானத்தின் அன்றைய நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத் கண்ட வழிதான் இந்தத் தட்டுகள். அறுபதைத் தாண்டிய வயதில், தெலுங்குக் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் பண்ணிப் பாடினார் எம்.எஸ்.

உதவி என்று வாங்கவில்லை, பாடிச் சம்பாதித்தார்!

நம் பக்கம் டாப் டென் பட்டியலெல்லாம் ஏது? ஆனால் திருப்பதியில் 2006-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.