ஓலைக்கால், சீலைக்கால்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி வைத்தால் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கும். ஒன்று இரண்டல்ல, சரம் சரமாக. பழவங்காடி கணபதிக்கு நேர்ந்துகொண்டவர்கள் விடலை போடுகிறார்கள். தரையெல்லாம் தேங்காய்த் தண்ணீர் வழிய, சில்லு நாலாபக்கமும் தெறிக்கிறது. இந்தக் கோயிலை நடத்துவது தேவஸ்வம் போர்டு அல்ல, இந்திய ராணுவம் என்பது அங்கே கும்பிட வருகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. மதராஸ் ரெஜிமென்ட்டின் பொறுப்பில் இருக்கும் கோயில் அது.

பிள்ளையாருக்கும் பட்டாளத்துக்கும் என்ன உறவு? பத்மநாபபுரம் கோட்டையில் காவல் நின்ற நாயர் பட்டாளத்தார் வைத்துக் கும்பிட்ட விக்கிரகம் இது என்கிறது கோயில் வரலாறு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, சிப்பாய்கள் தங்கள் பிள்ளையாரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளைப்போல இருந்த பூமி அது. அந்த மண்ணில் துப்பாக்கிப் பட்டாளம் ஒன்று உருவானபோது, அதற்கு எந்த மொழியில் பயிற்சி கொடுத்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்குத் தெற்குத் திருவிதாங்கூர் ஒரு கதையைப் பதிலாக வைத்திருக்கிறது. பாட்டன்மார் சொல்லி வந்த வாய்மொழிக் கதை. புதிதாகச் சேர்ந்த ஆட்களை வரிசையில் நிறுத்தி நடை பழக்கினார்களாம். ஒருவன் இடது காலை எடுத்தால் பக்கத்தில் நிற்பவன் வலது காலை எடுக்கிறான். கத்திப் பார்த்தும் வரிசை சேரவில்லை. கடைசியில் ஒவ்வொருவனுக்கும் ஒரு காலில் பனையோலைத் துண்டையும் மறுகாலில் சீலைத் துணியையும் கட்டிவிட்டார்கள். பிறகு ஆணை எளிதாகிவிட்டது: ‘ஓலைக்கால், சீலைக்கால்! ஓலைக்கால், சீலைக்கால்!’ பட்டாளம் நடந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் சிரிப்பதற்காகத்தான் சொல்கிறார்கள். இடது வலது தெரியாத பட்டிக்காட்டான்கள் என்று. எனக்கு அதில் சம்மதம் இல்லை. இடம், வலம் இரண்டு சொற்களும் தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. கோயிலை வலம் வரத் தெரிந்த மனிதனுக்கு வலது எது என்று தெரியாமல் போகுமா? தெரியாதது வேறு. அடுத்தவன் எடுக்கும் அதே நொடியில், யோசிக்காமல் தன் காலையும் எடுக்க வேண்டும் என்பது அவனுக்குப் புதிது. அதைச் சொல்லிக் கொடுக்க வந்தவனின் மொழியும் அவனுக்குப் புதிது. காய்ந்த ஓலை கணுக்காலில் உரசும், சரசரவென்று சத்தம் போடும். சீலை மெத்தென்று கிடக்கும். சொல் மூளைக்குப் போய்த் திரும்பும் முன்பே தோலும் காதும் எந்தக் கால் என்று சொல்லிவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்தவன் நல்ல ஆசான். மாணவனின் காலடியிலிருந்து பாடத்தைத் தொடங்கியவன்.

உலகத்தில் வேறு ஆசான்களும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஒரு காலில் புல்லும் மறுகாலில் வைக்கோலும் கட்டி நடை பழக்கியதாகச் சொல்வார்கள். ரஷ்யாவிலும் புல், வைக்கோல் கதை உண்டு. நம் ஊரில் பனையோலை. அவரவர் காட்டில் கிடைத்தது.

கதை சொல்கிறவர்கள் இதை டிலனாயின் காலத்தில் வைப்பதுண்டு. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். மகாராஜா அவரைச் சிறையில் போட்டு வீணாக்கவில்லை, தன் படைக்கு வாத்தியாராக்கிக்கொண்டார். டிலனாய் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அங்கே பீரங்கி வார்க்கப்பட்டது. ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பட்டாளம் பழகியது. ஊர் அவரை ‘வலிய கப்பித்தான்’ என்று அழைத்தது. ‘வலிய’ மலையாளம், ‘கப்பித்தான்’ போர்த்துக்கீசியம். பட்டப்பெயரிலேயே இரண்டு மொழி.

அந்தக் காலத் துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மீதியைக் குழலில் கொட்டி, உண்டையை உள்ளே விட்டு, நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பிறகுதான் தோளில் வைத்துச் சுடுவது. இவ்வளவும் செய்து ஒருவன் தனியாகச் சுட்டால் குறி தவறும், நூறு கஜத்துக்கு அப்பால் நம்பவே முடியாது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சுட்டால்தான் அது ஆயுதம். அப்படியானால் எல்லாரையும் ஒன்றாக அசைக்கும் ஒரு குரல் வேண்டும், அந்தக் குரல் சொல்வது எல்லாருக்கும் புரிய வேண்டும். பட்டாளத்துக்கு மொழி ஒரு பிரச்சினையானது துப்பாக்கி வந்த பிறகுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காக இந்த மண்ணுக்கு ஆணைக்குரல் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. களரியில் ஆசான் ‘வாய்த்தாரி’ சொல்வார், சீடன் அந்தத் தாளத்துக்கு அமர்ந்து, சாடி, வெட்டுவான். பழவங்காடியிலிருந்து சற்று நடந்தால் சி.வி.என். களரி. விடியற்காலையில் போனால் இன்றும் அதைக் கேட்கலாம். வாய்த்தாரி ஒரு நீண்ட பாடம், உடம்பை எப்படி வைக்க வேண்டும் என்று வழி காட்டிக்கொண்டே போகும். கவாத்து ஆணை அப்படியல்ல. ஒரே சொல், ஒரே அசைவு. களரியிலிருந்து கவாத்துக்கு வந்தவன் புதிய மொழியைக் கற்றதோடு, மொழியைக் கேட்கும் புதிய முறையையும் கற்க வேண்டியிருந்தது.

டிலனாய் 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள், கூரையில்லாத தேவாலயச் சுவர்களுக்கு நடுவே அவர் கல்லறை இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் இறங்கிப் பார்க்கலாம். கல்லில் எழுத்து இரண்டு மொழியில் வெட்டியிருக்கிறது. ஒன்று லத்தீன், மற்றொன்று தமிழ். அந்தக் கல்லின் முன்னால் நின்றால், இந்தப் பட்டாளம் பிறக்கும்போதே இருமொழிக்காரப் பட்டாளம் என்பது நன்றாகப் புரிகிறது.

பிறகு வந்தது ஆங்கிலம். 1809-இல் வெள்ளைக்காரர்களை எதிர்த்து வேலுத்தம்பி தளவாய் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துச் சிறிய அளவில் மறுபடி திரட்டினார்கள். 1830-இல் அதற்கு நாயர் பிரிகேட் என்று பெயர். மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். திருவனந்தபுரத்தின் பாளையம், பட்டாளம் தங்கியதால் பெயர் பெற்ற இடம்தான். அங்கே ஆணைகள் ஆங்கிலத்தில் முழங்கின. சிப்பாய் அதைத் தன் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டான். இரவுக் காவலில் நிற்பவன் ‘யார் அங்கே வருவது’ என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும், அது இந்தியச் சிப்பாய்களின் வாயில் ‘ஹுக்கும்தார்’ ஆனது. கேட்பதற்கு ஏதோ பாரசீகப் பதவிப் பெயர்போல இருக்கும், உள்ளே இருப்பது ஆங்கில வாக்கியம்.

‘கவாத்து’ என்ற சொல்லும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். ‘விதிகள்’ என்று பொருள்படும் அரபுச் சொல் ‘கவாயித்’ உருது வழியாக நம்மிடம் வந்து கவாத்து ஆனது. இன்று மல்லிகைத் தோட்டத்தில் செடியை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் கவாத்து என்கிறோம். மலையாளத்தில் இந்தச் சொல்லை வைத்து ஒரு பழமொழி உண்டு: ‘சாயிப்பினெ காணும்போள் கவாத்து மறக்கும்.’ துரையைக் கண்டதும் படித்த பயிற்சியெல்லாம் மறந்துபோகும். கோழைத்தனத்தைக் கேலி செய்யும் பழமொழி என்பார்கள். எனக்கு அதில் ஒரு சிப்பாயின் முகம் தெரிகிறது. ஹவில்தார் தன் பேச்சில் சொல்லிக் கொடுத்தபோது கைகால் சரியாக வேலை செய்தது. துரை வந்து நின்று தன் பாஷையில் ஏதோ கேட்டதும் எல்லாம் உறைந்துபோனது. பயத்தில் பாதி மொழிப் பயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தோடு இணைந்தது. 1954-இல் முதலாம் திருவிதாங்கூர் நாயர் காலாட்படை மதராஸ் ரெஜிமென்ட்டின் ஒன்பதாவது பட்டாலியனாகவும், இரண்டாவது படை பதினாறாவது பட்டாலியனாகவும் ஆயின. குளச்சல் வெற்றியை இன்றும் தன் வெற்றியாகக் கொண்டாடுவது ஒன்பதாவது மதராஸ். திருவனந்தபுரத்தில் இப்போது ராணுவ முகாம் பாங்கோட்டில். ஆணை மொழி இந்தி. சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது தூக்கத்திலும் மறக்காது. பொருள் தெரியாமலேயே ஒரு தலைமுறை இந்தச் சொற்களுக்குக் குதிகாலைச் சேர்த்திருக்கிறது.

குதிகால் சேர்ப்பதற்கு அது போதும். துப்பாக்கிக்குப் போதாது. ரைஃபிள் பயிற்சியில் ‘ஷிஸ்த் லேனா’ என்று ஒரு பாடம் உண்டு, குறி பிடிப்பது. பின்னால் இருக்கும் பேக்சைட்டின் துளை வழியே பார்க்க வேண்டும். அதன் நடுவில் ஃபோர்சைட்டின் நுனி நிற்க வேண்டும். கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது அந்த நுனியைத்தான், தூரத்துக் குறி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்த வேண்டும். விரல் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் குழல் அசைந்துவிடும், மெல்ல அமுக்கிக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடித்தது என்று சுட்டவனுக்கே தெரியக் கூடாது. இதையெல்லாம் ஒற்றைச் சொல் ஆணையாகக் கத்த முடியாது. பையன் பக்கத்தில் குப்புறப் படுத்து, அவன் தோளில் கை வைத்து, அவன் பேச்சில் சொன்னால்தான் விரலுக்குப் போய்ச் சேரும். ‘பைய’ என்று ஒரு சொல் இருக்கிறது. நாஞ்சில் நாட்டுத் தமிழனும் மெதுவாக என்பதற்கு அதைத்தான் சொல்வான், நெய்யாற்றின்கரை மலையாளியும் ‘பய்யே’ என்பான். டிரிகர் மேல் விரல் வைத்த பையனுக்கு அதைவிட நல்ல பாடம் எந்தக் கையேட்டில் இருக்கும்?

மதராஸ் ரெஜிமென்ட்டின் போர்முழக்கம் இதே வழியில் பிறந்ததுதான். ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!’ தென்னாட்டின் எல்லா மொழிக்காரர்களும் உள்ள படை அது. ‘கொல்லு’ தமிழனுக்குப் புரியும், மலையாளிக்குப் புரியும், கன்னடத்துக்காரனுக்கும் அதே பொருள். ஓலை, சீலை என்ற சொற்களும் தமிழ், மலையாளம் இரண்டுக்கும் பொது. காலில் கட்டத் தேர்ந்தெடுத்ததும், களத்தில் கத்தத் தேர்ந்தெடுத்ததும் பொதுச் சொற்கள். வடக்கிலிருந்து இந்த ரெஜிமென்ட்டுக்கு வரும் அதிகாரிகள் தமிழோ மலையாளமோ பேசப் பழகிக்கொள்கிறார்கள். ராணுவம் முழுக்க இந்தப் படையின் ஜவான்களுக்குத் ‘தம்பி’ என்று பெயர்.

பிற நாட்டுப் படைகளும் இதில் தடுமாறித்தான் வழி கண்டன. பழைய ஆஸ்திரிய–ஹங்கேரிப் படையில் ஆணைக்கு ஏறக்குறைய 80 ஜெர்மன் சொற்கள் மட்டும். மற்றபடி ரெஜிமென்ட் பேசும் மொழியை அதிகாரி கற்றே தீர வேண்டும். கனடாவில் 1914-இல் முதல் உலகப் போருக்கு ஆள் திரட்டியபோது பிரெஞ்சு பேசுகிறவர்கள் தங்களுக்கென்று தனிப் பட்டாலியன் கேட்டு வாங்கினார்கள், அதுதான் 22-ஆவது பட்டாலியன். 1969-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகே அந்த நாட்டுப் படையில் பிரெஞ்சு சம உரிமையோடு நின்றது. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் தமிழ்ப் பையன் இன்றும் மலாய் ஆணைக்கு நடக்கிறான். ஆங்கிலம் தெரியாத சீனப் பையன்களை ஹொக்கியன் பேசும் தனிப் பிளாட்டூன்களில் வைத்துப் பழக்கிய காலமும் அங்கே இருந்தது.

ஆணைக்கு ஒரு மொழி போதும், அது எந்த மொழியாகவும் இருக்கலாம். பாடம் மட்டும் பையனின் மொழியில் இருக்க வேண்டும். ஓலைக்கால் கட்டியவனுக்கு அன்றே தெரிந்த இந்த வித்தியாசம் நம் அரசுக்கு எட்ட நாளானது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே பள்ளிப்புறத்தில் முகாம் வைத்திருக்கும் சி.ஆர்.பி.எஃப். உள்ளிட்ட மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வு, இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம் உட்பட 13 மாநில மொழிகளில் நடக்கத் தொடங்கியதே 2024-இல்தான். வாசல்வரை தாய்மொழி வந்துவிட்டது. பயிற்சி மைதானத்திலும் அதற்கு ஒழுங்கான இடம் வேண்டும். பயிற்சி கொடுக்கும் உஸ்தாதின் நல்ல மனசை மட்டும் நம்பி விடக் கூடாது.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது, அது நம் கையில் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இல்லாத தெரு குறைவு. எந்தச் சொல்லால் தனக்கு நடை பழக்கினார்கள், எந்தச் சொல்லால் தான் பழக்கினோம் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சொற்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு சுபேதார் தாத்தா, ஒரு ஹவில்தார் மாமா இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.