லயத்துக் குழாயடியும் ஆற்றங்கரையும்: பேராக் தோட்டங்களின் தண்ணீர்க் கதை



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தேன். "உங்கள் தாத்தா பாட்டி சிறுவயதில் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேட்டு எழுதி வாருங்கள்" என்பதே அது. மறுநாள் பெரும்பாலோர் "ஆறு", "கிணறு", "குழாய்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தனர். ஒரு மாணவி மட்டும் இரண்டு பக்கம் எழுதி வந்து, வாசிக்கச் சொன்னபோது தயங்கி நின்றாள். கடைசிப் பத்தியில் கக்கூஸ் பற்றி எழுதியிருந்தாளாம். "அதை வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க ஐயா" என்றாள்.

அந்தப் பத்தியை நான் தனியே படித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, சுங்கை சிப்புட்டுக்கு அருகில் உள்ள அவர்களின் மலிவு விலை வீட்டிற்குச் சென்று பாட்டியைக் கண்டேன். "அதையெல்லாம் போய் எதுக்கு எழுதணும் வாத்தியாரய்யா?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார். நம் வரலாற்றில் எழுதப்படாத பகுதி எது என்பதை அவ்விருவரின் வெட்கமும் எனக்குக் காட்டிவிட்டது. தோட்டங்களைப் பற்றி எழுதும்போது நாம் கோவிலை எழுதுகிறோம், பள்ளியை எழுதுகிறோம், தீமிதித் திருவிழாவை எழுதுகிறோம். தண்ணீரையும் கழிவையும் விட்டுவிடுகிறோம். ஆனால் நம் முன்னோருள் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை முடிவு செய்தவை அவ்விரண்டுமே.

1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒரு மரத்தை இன்றும் அங்கே காணலாம். நம்மவர்களில் பலர் பேராக்கிற்கு வந்தது ரப்பருக்கும் முன்பே, கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாக. கடலோரத் தாழ்நிலம் அது. நல்ல தண்ணீர் அரிது. 1906இல் முடிந்த கிரியான் பாசனத் திட்டம், அதாவது புக்கிட் மேரா நீர்த்தேக்கம், நெல் வயலுக்காகக் கட்டப்பட்டதாயினும் அவ்வட்டாரக் குடிநீருக்கும் உதவிற்று. அதற்குள் சஞ்சிக்கூலி முறையும் முடிவுக்கு நெருங்கிவிட்டது. 1910இல் அது ஒழிக்கப்பட்டது.

ரப்பர் விலை ஏறிய 1900களில் காடழிப்பு மலைச்சரிவுகளை நோக்கி நகர்ந்தது. லயங்கள் பெரும்பாலும் ஓடைக்கு அருகிலேயே கட்டப்பட்டன. குடிக்க, குளிக்க, துணி வெளுக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஓடைதான். மேல் லயத்தின் கழிவு கீழ் லயத்தின் குடிநீர் ஆவதைத் தடுக்க எதுவும் இல்லை. வயிற்றுக்கடுப்பும் பேதியும் வந்ததில் வியப்பென்ன?

எனினும் மிகுதியாகக் கொன்றது மலேரியாவே. இந்தப் பகுதியை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் கண் விரியக் கேட்பார்கள். ஏனெனில் இது ஒரு துப்பறியும் கதை. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் உண்மைக்கான சான்றை இரோனால்டு ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் 1897இல் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் சிலாங்கூரின் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் காட்டைத் திருத்தினார். காய்ச்சல் குறைந்தது. தாழ்நிலத் தோட்டங்களிலும் இம்முறை பலித்தது. காரணம், அங்கே நோய் பரப்பிய அம்ப்ரோசஸ் வகை அனோபிலிஸ் கொசு நிழல் படிந்த தேங்குநீரில் வாழ்வது. நிழலையும் நீரையும் எடுத்தால் அது அற்றுப்போகும்.

மலையிலோ கதை தலைகீழாயிற்று. காட்டை வெட்டிய பிறகுதான் காய்ச்சல் பெருகியது! மாகுலாட்டஸ் என்னும் மற்றொரு வகை, வெயில் படும் தெளிந்த ஊற்றோடையில் முட்டையிடுவது. காடு இருந்தவரை ஓடை நிழலில் கிடந்தது. பால்மரத்திற்காகக் காட்டை அழித்ததும் வெயில் இறங்கியது, கொசுவும் வந்தது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர், பார்த்தால் அள்ளிக் குடிக்கத் தோன்றும் தண்ணீர், அதுவே எமனாயிற்று. இதற்கு வாட்சன் கண்ட வழி, பள்ளத்து ஊற்று நீரை நிலத்தடிக் குழாய்களில் இறக்கி மறைத்துவிடுவது. எங்கு முடியவில்லையோ அங்கு எண்ணெய் தெளித்தார்கள். செலவு பிடித்த வேலை. ஆகவே பணமும் மனமும் இருந்த தோட்டங்களில் நடந்தது, மற்றவற்றில் நடக்கவில்லை. பேராக்கின் தோட்டங்களில் பல மலையடிவாரத் தோட்டங்கள் என்பதை நினைவிற்கொள்க.

மலேரியாவுக்கு அடுத்தது கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஆய்வுக்குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இதனை ஆராய்ந்தது. மலத்தோடு வெளிவரும் முட்டை ஈர மண்ணில் பொரிந்து, புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் ஏறுகிறது. குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது. பால்மரக் காட்டின் நிழலும் ஈரமும் அதற்கு வாய்ப்பான இடம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெறுங்காலோடு மரம் சீவப் போனவர்கள் நம்மவர்கள். இரத்தச்சோகையால் சோர்ந்தவரைத் துரைமார் "சோம்பேறி" என்றனர். தமிழர் சோம்பேறிகள் என்ற அந்நாளைய பழிச்சொல்லில் ஒரு பங்கு இந்தப் புழுவினுடையது என்பது என் கருத்து.

"கக்கூஸ் கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் அதில் போவதில்லை" என்று அக்காலத்து வெள்ளையர் குறைபட்டுக்கொள்வது வழக்கம். இதைப் பாட்டியிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "எப்படிங்க போறது? லயத்துக்குக் கடைசியில இருக்கும். கதவு இருக்காது. விளக்கு இல்ல. பொம்பளப் பிள்ளைங்க நாலு பேரா சேர்ந்து இருட்டுறதுக்குள்ள காட்டுப் பக்கம் போயிட்டு வந்துருவோம்" என்றார். ஆய்வறிக்கைகளை எழுதியவர்கள் இந்த ஒரு கேள்வியைப் பெண்களிடம் கேட்டிருந்தால் போதும்.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கக்கூஸை யார் கழுவினார்கள்? வாளியை யார் தூக்கினார்கள்? ஊரில் எந்தச் சாதியின் தலையில் அவ்வேலை கட்டப்பட்டதோ, கடல் கடந்த பின்னும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே கட்டப்பட்டது. பல தோட்டங்களில் அவர்களுக்கு லயமும் தனி. ஈப்போ நகரின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் உள்ள சந்துகள் இன்று சுவரோவியங்களால் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கின்றன. அச்சந்துகளின் வழியாகத்தான் ஒருகாலத்தில் மலவாளிகள் எடுத்துச் செல்லப்பட்டன. எடுத்தவர்களுள் நம்மவர் பலர். 1962இல் ஈப்போ நகராண்மையாகவும் 1988இல் மாநகராகவும் உயர்ந்தது. அந்த உயர்வுக்கு அடியில் கிடந்த தோள்களை எந்த ஓவியத்திலும் நான் பார்த்ததில்லை. துரைமார் மீது குற்றம் சுமத்தும் நாம், இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறோம்.

1936ஆம் ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937இல் அறிக்கை தந்தார். அது தோட்ட முதலாளிகளுக்கு மென்மையானது என்று அந்நாளிலேயே குறை எழுந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அடுத்து வந்த ஜப்பானியர் காலத்தில் வடிகால்கள் தூர்ந்தன, கொயினா மருந்து கிடைக்கவில்லை, காய்ச்சல் திரும்பி வந்தது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிருவாகிகள் சுடப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுதிரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. புறம்போக்குவாசிகளான சீனர்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். இரண்டும் வேலிதான், இரண்டும் துன்பந்தான். ஆனால் பிற்காலத்தில் புதுக்கிராமம் ஊராக நிலைத்தது. வேலியிட்ட லயமோ தோட்ட நிலத்திலேயே இருந்தது. வேலை போனால் வீடும் போகும்.

விடுதலைக்குப் பின் எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த நிலத்தின் கேள்விதான். அரசு கிராமப்புற மேம்பாட்டைப் பெரும் முனைப்போடு தொடங்கியது. சுகாதார அமைச்சு 1968இல் 'பாக்காஸ்' என்னும் நீர்வழங்கல், சுற்றுப்புறத் தூய்மைத் திட்டத்தை ஆரம்பித்தது. கிணறுகள், மலையோடை நீரைத் தானாக இறக்கும் குழாய்கள், நீரூற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் எனக் கம்பங்கள் மாறின. மிக நல்ல திட்டம், அதில் ஐயமில்லை. தோட்டமோ தனியார் சொத்து. ஆகவே தண்ணீரும் கழிப்பறையும் முதலாளியின் பொறுப்பு என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. கிராமத்தில் வாழ்ந்தும் நம்மவர் கிராமத்தாராகக் கணக்கிடப்படவில்லை. அதே காலத்தில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டாடிய இடங்களில் தண்ணீர்த் தொட்டி யாருடையது, பம்பு யாருடையது என்பதற்குக்கூட விடை இல்லாமற் போயிற்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணி இதுவே.

சட்டம் வந்தது: 1966இல் ஒன்று, அதனினும் விரிவாக 1990இல் 446ஆம் சட்டம். தொழிலாளர் வீட்டிற்கு இலவசமாகவும் போதுமானதாகவும் குழாய்நீர் தரவேண்டும் என்று பிந்திய சட்டம் விதித்தது. அது வந்தபோது பல தோட்டங்களில் நம்மவர் வெளியேறத் தொடங்கியிருந்தனர்.

நான் முதன்முதலில் பணியேற்ற தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அப்படிப் பிறந்த பள்ளிகளுள் ஒன்று. நிலம் தோட்டத்தினுடையது, ஆகவே பகுதி உதவி பெறும் பள்ளி. கழிப்பறை கட்ட எழுதினால் "நிலம் யாருடையது?" என்று பதில் வரும். தொட்டியில் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். பெண்பிள்ளைகள் சிலர் ஓய்வுவேளையில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை நான் கண்டுகொள்ள ஓராண்டு ஆயிற்று. ஒருத்தி மயங்கி விழுந்த பின்புதான் கேட்டேன். "கக்கூஸுக்குப் போகணுமே ஐயா" என்றாள். பாட்டி சொன்ன அதே விடை, ஐம்பது ஆண்டுகள் கழித்து. ஆசிரியனாகிய நான் அதைக் கேட்காமல் இருந்ததற்கு நிலத்தின்மேல் பழிபோட முடியாது. அப்பள்ளி பின்னர் இடம் மாறிப் புதுக்கட்டடம் பெற்றது. கழிப்பறை நன்றாக இருக்கிறது. அண்மையில் போய்ப் பார்த்தேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டிற்கு வந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்கு ஓடினால், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

பாட்டி வீட்டில் இப்போது இருபத்துநான்கு மணி நேரமும் குழாய்நீர். ஆயினும் குளியலறையில் இரண்டு பெரிய நீலப் பீப்பாய்கள் நிரம்பியே நிற்கின்றன. "எப்ப நிப்பாட்டுவான்னு யாருக்குத் தெரியும்" என்கிறார்.

அம்மாணவி அந்தப் பத்தியை மறுவாரம் வகுப்பில் வாசித்தாள். இருவர் சிரித்தனர், மற்றவர்கள் கேள்வி கேட்டனர். அடுத்ததாக, பழைய தோட்டங்களின் தண்ணீர்த் தொட்டி, குழாயடி, கிணறு ஆகியவற்றின் படங்களைத் திரட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்ட இருக்கிறோம். பேராக் தோட்டங்களில் எடுத்த பழைய படம் வைத்திருப்போர் நகல் தந்துதவுங்கள். படத்தின் பின்புறம் தோட்டத்தின் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் குறித்து அனுப்பவும்.